தெமூர் என்ற பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாஷ்கண்டில் மருந்து இறக்குமதி செய்யும் அலுவலகம் ஒன்றில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். எதிர் மேசைக்காரர் பெயர் தெமூர். கிடங்குப் பொறுப்பாளர் இன்னொரு தெமூர். குடியிருந்த வீட்டுக்காரம்மாவின் பேரன் மூன்றாவது தெமூர். ஊருக்கு போன் போட்டு இவர்களைப் பற்றி ஏதாவது சொன்னால் மறுமுனையில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "என்னது, தைமூரா? டில்லியைக் கொள்ளையடிச்சவன் பேரா?" ஊர் திரும்பிய பிறகும் கேள்வி நிற்கவில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மருத்துவம் படிக்க சாமர்கண்ட், பிஷ்கெக், அல்மாத்தி என்று போவதால் இப்போது அவர்களுடைய பெற்றோரும் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டு, தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

தெமூர்னா என்னங்க அர்த்தம்?

இரும்பு. வேறு ஒன்றுமில்லை. வீரன், வெற்றியாளன், சிங்கம் என்றெல்லாம் இணையத்தில் போட்டிருப்பது மேலே பூசிய வர்ணம்.

தாஷ்கண்ட் ரயில் நிலையத்தில் இறங்கினால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அங்கே ரயில்வேக்குப் பெயர் "தெமிர் யோல்". தெமிர் என்றால் இரும்பு, யோல் என்றால் பாதை. நம் இருப்புப்பாதையேதான். உஸ்பெக் மொழியில் இன்று இரும்பு "தெமிர்". ஆள் பெயராக வரும்போது பெரும்பாலும் "தெமூர்". அந்தச் சொல்லின் பழைய உச்சரிப்பு ஆள் பெயரில் மட்டும் தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது அரபியா, பாரசீகமா, ரஷ்யனா? எந்த பாஷைப் பேரு?

மூன்றும் இல்லை. துருக்கிய மொழிக் குடும்பத்துச் சொல். மங்கோலியாவில் ஓர்கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் எட்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் இரண்டு நிற்கின்றன. குல் திகின் என்ற இளவரசனுக்கு 732இலும், அவன் அண்ணன் பில்கே ககானுக்கு 735இலும் எழுப்பியவை. துருக்கிய மொழியில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் இவை சேர்த்தி. "தெமிர் கபிக் வரை படை நடத்தினேன்" என்று அதில் வருகிறது. தெமிர் கபிக் என்றால் இரும்பு வாசல்.

அந்த இரும்பு வாசல் எங்கே இருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். உஸ்பெகிஸ்தானின் தெற்கே, பாய்சுன் மலைப்பக்கம் ஒரு குறுகிய கணவாய். ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் இந்தியாவுக்கு வந்தபோது அந்த வழியாகத்தான் வந்தார். நீங்கள் நினைக்கும் அந்தத் தைமூர் 1336இல் பிறந்த கேஷ், இன்றைய ஷஹ்ரிசப்ஸ், அந்தக் கணவாய்க்கு வடக்கே அதே வழித்தடத்தில் இருக்கும் ஊர். ஆள் பிறப்பதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே சொல் கல்லில் ஏறிவிட்டது.

தைமூர், திமூர், தெமூர், தெமிர்... இதுல எதுதான் சரி?

எல்லாமே சரி, யார் வாயில் வருகிறது என்பதைப் பொறுத்தது. உஸ்பெக்கில் தெமூர். கசாக்கிலும் கிர்கிஸிலும் தெமிர். தாத்தார், பஷ்கீர் மொழிகளில் திமெர். சைபீரியாவின் சாகா மொழியில் திமிர். மங்கோலியத்தில் தொமோர். துருக்கி, அஸர்பைஜான், துர்க்மெனிஸ்தான் பக்கம் போனால் முதலெழுத்து மாறி, வல்லோசை மெல்ல "டெமிர்" போல ஒலிக்கும். மலைக்கு அவர்கள் "தா" என்று சொல்வதையும் கசாக்குகள் "தாவ்" என்பதையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் அதே வித்தியாசம் தெரியும். தமிழில் இரண்டுக்கும் ஒரே "த" என்பதால் நமக்கு இந்தத் தகராறு இல்லை.

"தை" எங்கிருந்து வந்தது? பாரசீக எழுத்திலிருந்து. த, ய, ம, வ, ர என்று ஐந்து எழுத்தில் எழுதுவார்கள். நடுவிலுள்ள யகரத்தை ஈ என்றும் படிக்கலாம், ஏ என்றும் படிக்கலாம், ஐ என்றும் படிக்கலாம். ஈரானியர் தேய்மூர் என்றார்கள், உருதுக்காரர்கள் தைமூர் என்றார்கள். நம் பாடநூல்களுக்கு அது அப்படியே வந்து சேர்ந்தது. அந்த ஆளே தன் பெயரை எப்படிச் சொன்னார் என்று கேட்டால் அதற்கும் சான்று உண்டு. 1391இல் தோக்தாமிஷ் கான் மீது படையெடுத்துப் போகும் வழியில், இன்றைய கசாக்ஸ்தானின் உலிதாவ் பகுதியில் ஒரு கல்லில் எழுதி வைத்துவிட்டுப் போனார். அதில் "தூரான் நாட்டு சுல்தான் தெமூர் பேக்" என்று இருக்கிறது. அந்தக் கல் இப்போது சென்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில்.

என் பழக்கம்: வரலாற்று ஆளைப் பற்றி எழுதினால் தைமூர், வாசகருக்குப் பழகியது. உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றி எழுதினால் அவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அப்படி.

பாஸ்போர்ட்ல தெமூர், பழைய சர்டிபிகேட்ல திமூர்னு இருக்கு. ரெண்டு ஆளா?

ஒரே ஆள். சோவியத் காலத்தில் ஆவணங்கள் ரஷ்ய மொழியில்தான் ஓடின; ரஷ்யர்களுக்கு இந்தப் பெயர் திமூர். 1991க்குப் பிறகு உஸ்பெக் எழுத்தில் எழுதியபோது தெமூர் ஆனது. அப்பாவின் பழைய ஆவணத்தில் ஒன்று, புதியதில் ஒன்று என்று இருப்பது அங்கே சகஜம்.

எங்கள் அலுவலகத்தில் இதனால் ஒரு வாரம் போனது. எதிர் மேசைத் தெமூர் கையெழுத்திட்ட இன்வாய்ஸில் "தெ", இங்கே ஒரு வங்கியில் கொடுத்திருந்த மாதிரிக் கையெழுத்துத் தாளில் "தி". பணம் நின்றுவிட்டது. ஒரே ஆள்தான் என்று நோட்டரி முத்திரை வாங்கி அனுப்பிய பிறகுதான் நகர்ந்தது. உங்கள் பிள்ளையின் கல்லூரித் தாள்களில் பேராசிரியர் பெயர் இரண்டு விதமாக இருந்தால் பதற வேண்டாம். ஆனால் விசா, வங்கி விஷயங்களில் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அவங்களை எப்படிக் கூப்பிடறது? "தெமூர் சார்"னா தப்பா?

தப்பில்லை, சிரிப்பார்கள். உஸ்பெக் வழக்கத்தில் வயதில் மூத்த ஆணை "தெமூர் அகா" என்று கூப்பிட வேண்டும். இங்கேதான் தமிழ்க் காது ஏமாறும். அகா என்றால் அண்ணன். அக்காவுக்கு அவர்கள் சொல் "ஓப்பா". வந்த புதிதில் மீசை வைத்த கிடங்குப் பொறுப்பாளரை எல்லாரும் "அகா, அகா" என்று கூப்பிட்டதைக் கேட்டு நான் விழித்த விழி இன்னும் நினைவிருக்கிறது.

இளையவன் என்றால் "தெமூர்ஜான்". ஜான் என்பது நம் கண்ணு, செல்லம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். தெமூர்பேக் என்று எழுதியிருந்தால் பேக் என்பது ஒரு காலத்தில் பிரபு, இன்று பெயரோடு சேர்ந்த மரியாதை வால். ரஷ்ய முறையில் பழகியவர்கள் அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள்: திமூரின் மகன் திமூரோவிச், மகள் திமூரோவ்னா. தெமிரோவ் என்று குடும்பப் பெயர் கண்டால் முன்னோரில் யாரோ ஒரு தெமிர் இருந்திருக்கிறார்.

அப்போ இவங்க எல்லாரும் தைமூர் ராஜா பேரைத்தான் வெச்சிருக்காங்களா?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். சிலர் ஆம், பலர் இல்லை. காந்தி என்று பெயர் வைத்தால் ஒரே ஒருவரைத்தான் நினைக்க முடியும். ஆனால் முருகன் என்று பெயர் வைத்தவரிடம் எந்த முருகனை நினைத்து வைத்தீர்கள் என்று கேட்க மாட்டோம். தெமூர் இரண்டாவது வகை. தைமூருக்கு முன்பே ஊர் ஊராக இருந்த பெயர், அவருக்கும் வைத்தார்கள்.

சீனாவை ஆண்ட மங்கோலிய அரச வம்சத்தில் மட்டும் எத்தனை பேர் என்று பாருங்கள். குப்ளாய் கானின் பேரன் தெமூர், 1294 முதல் 1307 வரை பேரரசர். அந்த வம்சத்தில் பெய்ஜிங்கில் உட்கார்ந்த கடைசிப் பேரரசர் தோகோன் தெமூர், 1368இல் தலைநகரை விட்டு ஓடியவர். தோகோன் என்றால் சட்டி. ஆக, பேரரசர் பெயர் இரும்புச் சட்டி. வோல்கா ஆற்றங்கரையில் பொன் படை என்ற அரசை ஆண்ட இன்னொருவர் மோங்கே தெமூர், நித்திய இரும்பு. குத்லுக் தெமூர் என்பவர் கட்டிய மினார் துர்க்மெனிஸ்தானின் பழைய உர்கெஞ்சில் இன்றும் நிற்கிறது. இவர்கள் யாரும் டில்லிப் பக்கம் வந்தவர்கள் இல்லை.

செங்கிஸ்கானோட நிஜப் பேரு தெமுஜின்னு படிச்சேன். அதுவும் இதுவும் ஒண்ணா?

ஒரே வேர். தெமூர் என்ற சொல்லில் தொழிலை, தொடர்பைக் காட்டும் விகுதி சேர்ந்து தெமுஜின். இரும்புக்காரன், கொல்லன் என்ற பொருள் வரும். அவருடைய தம்பி தெமுகே, தங்கை தெமுலுன் இருவர் பெயரிலும் அதே இரும்புதான். பெண்ணுக்கு இந்தப் பெயர் உண்டா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்: தெமூர் ஆண் பெயர், ஆனால் வேர் பெண்களுக்கும் போயிருக்கிறது.

இதை வைத்துச் செங்கிஸ்கான் கொல்லுப்பட்டறையில் வேலை பார்த்தார் என்று 1250களில் அந்தப் பக்கம் போன ருப்ருக் என்ற பாதிரியார் எழுதிவிட்டார். மங்கோலியர்களின் சொந்த வரலாறு சொல்வது வேறு. அப்பா எசுகெய், தெமுஜின் உகே என்ற தாத்தார் தலைவனைச் சிறைபிடித்து வந்த நேரத்தில் குழந்தை பிறந்தது. பிடிபட்ட எதிரியின் பெயரையே மகனுக்கு வைத்தார்.

பச்சைக் குழந்தைக்குப் போய் யாராவது இரும்புன்னு பேர் வைப்பாங்களா?

வைப்பார்கள், காரணத்தோடு. ஆறாம் நூற்றாண்டில் துருக்கர்கள் அல்தாய் மலையில் ரோரன் என்ற அரசுக்கு இரும்பு உருக்கிக் கொடுத்தவர்கள். அவர்களுடைய தலைவன் பூமின், ரோரன் அரசனிடம் பெண் கேட்டு ஆளனுப்பினான். "என் கொல்லுப்பட்டறை அடிமை நீ, உனக்குப் பெண்ணா?" என்று பதில் வந்ததாகச் சீன வரலாற்று ஏடுகள் எழுதி வைத்திருக்கின்றன. 552இல் பூமின் அந்த அரசையே கவிழ்த்துத் தன் பேரரசைத் தொடங்கினான். அப்படி வந்தவர்களுக்கு இரும்பு என்ற சொல் வெறும் உலோகப் பெயராக மட்டும் இருந்திருக்காது.

வீட்டளவில் காரணம் இன்னும் எளிது. குழந்தை தங்க வேண்டும். பிறக்கும் பிள்ளைகள் அடுத்தடுத்துப் போன வீடுகளில் நாம் குப்பன், பிச்சை என்று வைத்தோம் இல்லையா? எமன் திரும்பிப் பார்க்காத பெயர். அவர்கள் அதையும் செய்தார்கள், அதோடு எமனுக்குப் பல் உடையும் பெயரும் வைத்தார்கள். தோஷ்தெமிர் என்றால் கல்லும் இரும்பும். துர்சுன் என்றால் "நிற்கட்டும்". தோக்தாசின் என்றால் "தங்கட்டும்". போல்தா என்று கோடரியின் பெயர், தேஷா என்று வாய்ச்சியின் பெயர், இவையெல்லாம்கூட ஆள் பெயர்களே. தொட்டிலில் தலையணைக்கு அடியில் கத்தி வைக்கும் வழக்கமும் உண்டு. கெட்டது இரும்புக்குப் பயப்படும் என்ற நம்பிக்கையை நான் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை.

உறுதிக்கு இரும்பு என்ற நினைப்பு வானம் வரை போயிருக்கிறது. துருவ நட்சத்திரத்துக்குக் கசாக் மொழியில் "தெமிர்கசிக்", இரும்பு முளை. இரண்டு வெள்ளைக் குதிரைகளை அந்த முளையில் கட்டியிருக்கிறார்களாம். நாம் சப்தரிஷி என்று சொல்லும் ஏழு நட்சத்திரங்களும் அந்தக் குதிரைகளைத் திருட இரவெல்லாம் சுற்றி வரும் ஏழு திருடர்களாம். ரிஷிகள் பாவம்.

இரும்புதானா, எஃகு, தங்கம்னெல்லாம் பேர் கிடையாதா?

நிறைய. போலாத், பூலாத், கசாக்கில் போலாத், தாத்தாரில் புலாத்: எல்லாம் எஃகு. பாரசீகத்தின் பூலாத் என்ற சொல்லிலிருந்து வந்தது. மங்கோலியாவின் போல்த் என்ற ஆண் பெயரும் அதே சொல்லின் பேரப்பிள்ளை. கான்போல்த் என்று வைத்தால் எஃகுக்கு மேல் எஃகு. காக்கேசியப் பக்கம் தெமிர்போலாத் என்று இரண்டையும் சேர்த்தே வைத்துவிடுவார்கள்.

நமக்கும் இது அந்நியமில்லை. ஸ்தால் என்றால் ரஷ்ய மொழியில் எஃகு. அதிலிருந்து வந்த புனைபெயர்தான் ஸ்டாலின். எஃகு என்று பெயர் கொண்டவர் 2021இல் தமிழ்நாட்டு முதலமைச்சர் நாற்காலியிலேயே அமர்ந்தார்.

"தைமூர் லங்"ல லங்னா நொண்டின்னு சொல்றாங்களே?

ஆமாம். பாரசீகத்தில் லங் என்றால் கால் ஊனமுற்றவர். இந்தியின் லங்கடா அதற்கு உறவு. தெமூர் ஏ லங் என்பதை ஐரோப்பியர்கள் தமெர்லான் ஆக்கினார்கள். காயம் பட்ட கதை சொல்பவரைப் பொறுத்து மாறும். சீஸ்தான் சண்டையில் அம்பு பட்டது என்பது அவர் பக்கத்துக் கதை. ஆடு திருடப் போன இடத்தில் பட்டது என்பது டமாஸ்கஸிலிருந்து சிறுவயதில் பிடித்துக்கொண்டு போகப்பட்ட இப்னு அரப்ஷா எழுதியது. அவருக்கு வேறு எப்படி எழுத மனம் வரும்? காயம் மட்டும் உண்மை. 1941இல் சாமர்கண்டில் கல்லறையைத் திறந்து எலும்பை ஆராய்ந்த சோவியத் ஆய்வாளர் கெராசிமோவ், வலது காலும் வலது கையும் பழுதுபட்டிருந்ததை உறுதி செய்தார்.

1404இல் ஸ்பெயின் நாட்டு கஸ்தீல் மன்னரின் தூதராக சாமர்கண்ட் போன கிளாவிஹோ ஒரு தெளிவான குறிப்பு விட்டிருக்கிறார். தைமூரின் சரியான பெயர் தெமூர் பேக், அதற்கு இரும்புப் பிரபு என்று பொருள்; தமெர்லான் என்பது எதிரிகள் வைத்த வசைப்பெயர் என்று. அதனால் உஸ்பெகிஸ்தானில் "தைமூர் லங்" என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். அங்கே அவர் அமீர் தெமூர். நான் ஒருமுறை டாக்ஸியில் சொல்லிவிட்டேன். ஓட்டுநர் ஒன்றும் சொல்லவில்லை, பாட்டை மட்டும் நிறுத்திவிட்டார்.

அப்போ தெமிர்லான், தமெர்லான்னு பேர் வெச்சிருக்காங்களே, அவங்களுக்கு இது தெரியாதா?

கசாக்ஸ்தானில் தெமிர்லான், காக்கேசியாவில் தமெர்லான், இரண்டும் நல்ல புழக்கத்தில் உள்ள பெயர்கள். லான் என்பது அர்ஸ்லான், அதாவது சிங்கம் என்று விளக்கம் சொல்வார்கள். இரும்புச் சிங்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன லங்தான் அதற்கு வேர் என்பது என் கட்சி. அதனால் என்ன? பெயர் வைத்த அம்மாவின் மனதில் சிங்கம் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு அது சிங்கம்தான்.

குர்ஆன்ல இருந்து எடுத்த பேருன்னு ஒரு வீடியோல பார்த்தேனே?

அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். குர்ஆனின் 67ஆம் அத்தியாயம் 16ஆம் வசனத்தில், பூமி அதிரும் என்ற பொருளில் "தமூர்" என்ற அரபுச் சொல் வருகிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெரியவரிடம் பெற்றோர் போனபோது அவர் அந்த வசனத்தை ஓதிக்கொண்டிருந்தாராம். அதையே பெயராக வைத்துவிட்டாராம். இது தைமூரே எழுதிய சுயசரிதை என்ற பெயரில் உலவும் நூலில் இருக்கிறது. அந்த நூல் வெளிவந்தது ஷாஜகான் காலத்தில், ஆள் இறந்து இருநூறு ஆண்டுக்கு மேல் கழித்து. வரலாற்று ஆய்வாளர்கள் அதைப் போலி என்றே ஒதுக்குகிறார்கள்.

அதோடு, அரபுச் சொல்லின் ஒலி தற்செயலாக ஒத்துப்போனதால் பெயர் அரபியாகிவிடாது. இரண்டாம் கேள்வியில் சொன்ன கல்வெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதை வெட்டிய மக்கள் அன்று முஸ்லிம்களும் இல்லை.

அப்படின்னா இது முஸ்லிம் பேரா, இல்லையா?

முஸ்லிம்கள் வைக்கும் பெயர். இஸ்லாமியப் பெயர் அல்ல. மங்கோலியாவில் பௌத்த வீடுகளில் தொமோர்பாத்தர் என்று வைக்கிறார்கள், இரும்பு வீரன். மேலே வந்த சீனப் பேரரசர்களும் முஸ்லிம்கள் இல்லை.

ரஷ்யாக்காரங்க பலருக்கு திமூர்னு பேர் இருக்கே, அது எப்படி?

ஒரு சிறுவர் கதையால். அர்காதி கைதார் என்ற எழுத்தாளர் 1940இல் "திமூரும் அவனது குழுவும்" என்று ஒரு கதை எழுதினார். போர்முனைக்குப் போனவர்களின் வீடுகளுக்கு யாருக்கும் தெரியாமல் தண்ணீர் இறைத்து, விறகு அடுக்கி உதவும் பையன்கள். அவர்களுக்குத் தலைவன் திமூர். கைதாரின் சொந்த மகன் பெயரும் திமூர்தான், 1926இல் பிறந்தவர். அடுத்த ஆண்டே ஜெர்மனி படையெடுத்தது, கைதார் போரில் இறந்தார், கதை நாடு முழுக்க இயக்கமாகவே ஆகிவிட்டது. "திமூரோவெத்ஸ்" என்றால் ரஷ்ய மொழியில் இன்றும் பிறருக்கு உதவும் சிறுவன்.

ஒரே பெயர். டில்லியில் அதைச் சொன்னால் கொள்ளைக்காரன், மாஸ்கோவில் சொன்னால் பாட்டிக்கு விறகு வெட்டிக் கொடுக்கும் பையன்.

நான் மலேசியா. எங்க ஊர்ல திமூர்னா கிழக்கு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

இல்லை. மலாய் மொழியின் திமூர் தனிச் சொல். திமோர் தீவின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். கிழக்குத் திமோர் என்றால் "கிழக்குக் கிழக்கு". நேபாளத்தில் திமூர் என்றால் நாக்கு மரத்துப்போகும் ஒரு மிளகு. அதுவும் வேறு.

எல்லாரும் ஜாடையாகக் கேட்கும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: நம் "திமிர்" சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சாகா மொழியில் இரும்புக்குத் திமிர் என்று பெயர் இருப்பது வெறும் வேடிக்கை.

தமிர், தைமுராஸ், தெமிரெல்... இதெல்லாமும் இரும்புதானா?

மூன்றும் மூன்று பதில். மங்கோலியாவின் தமிர் என்றால் பலம், வலு, இரும்பு அல்ல. அந்தப் பெயரில் ஓர் ஆறும் அங்கே ஓடுகிறது. ஜார்ஜியாவின் தைமுராஸ், பாரசீகப் புராண அரசன் தஹ்முராஸின் பெயர். காதுக்கு மட்டும்தான் உறவு. துருக்கியின் தெமிரெல் இரும்பேதான். எல் என்றால் கை, சேர்த்தால் இரும்புக் கை. அங்கே பலமுறை பிரதமராகவும் பிறகு குடியரசுத் தலைவராகவும் இருந்த சுலைமான் தெமிரெல் நினைவிருக்கலாம்.

தைமூர் கல்லறையைத் திறந்ததாலதான் உலகப் போர் வந்துச்சாமே. அந்த சாபம் பேருக்கும் உண்டா?

1941 ஜூன் மூன்றாம் வாரம் கல்லறையைத் திறந்தார்கள், ஜூன் 22 ஹிட்லர் சோவியத் மீது படையெடுத்தார். தேதிகள் ஒட்டி வருவது உண்மை. ஆனால் படையெடுக்கச் சொல்லி ஹிட்லர் ஆணையில் கையெழுத்திட்டது 1940 டிசம்பர் 18. சாபம் ஆறு மாதம் முன்கூட்டியே வேலை செய்திருக்க வேண்டும். பேருக்குச் சாபம் என்றால் மத்திய ஆசியாவில் பாதித் தெரு காலியாக இருக்கும்.

2016ல ஒரு இந்தி நடிகர் வீட்டுக் குழந்தைக்கு இந்தப் பேர் வெச்சப்ப அவ்ளோ சண்டை போட்டாங்களே. நீங்க யார் பக்கம்?

நழுவாமல் சொல்கிறேன். 1398 டிசம்பரில் டில்லிக்கு வெளியே சண்டைக்கு முன்பு தைமூர் சிறைபிடித்தவர்களைக் கொன்றார். ஒரு லட்சம் பேர் என்று அவர் பக்கத்து வரலாற்று ஆசிரியர்களே பெருமையாக எழுதினார்கள். பிறகு நகரம் சூறையானது. இஸ்பஹானில் 1387இல் வெட்டிய தலைகளைக் கோபுரமாக அடுக்கினார்; அங்கே செத்தவர்கள் முஸ்லிம்கள். வடஇந்தியாவில் ஒருவர் அந்தப் பெயரைக் கேட்டு முகம் சுளித்தால் அது காரணமில்லாத சுளிப்பு என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு பெயர் ஒரு மண்ணில் என்ன நினைவைச் சுமக்கிறதோ அதுவும் அதன் அர்த்தத்தில் சேர்த்திதான்.

ஆனால் பெயருக்கே "கொலைகாரன்" என்று பொருள் என்பதுபோல அப்போது எழுதினார்களே, அது தவறு. பிறந்த குழந்தையைத் திட்டியது அசிங்கம். உஸ்பெகிஸ்தானிலும் அவர் எப்போதும் தேசத் தந்தையாக இருந்ததில்லை. சோவியத் பாடநூல்களில் ரத்தவெறியர். தாஷ்கண்ட் நடுவே கார்ல் மார்க்ஸ் சிலை இருந்த இடத்தில் அவருடைய குதிரைச் சிலை 1993இல்தான் ஏறியது. 1996இல் 660ஆவது பிறந்தநாள் என்று பெரிய விழா எடுத்து அருங்காட்சியகமும் திறந்தார்கள். புதிய நாட்டுக்குப் பழைய பெருமை ஒன்று தேவைப்பட்டது.

உங்க ஆபீஸ் தெமூர்களைக் கேட்டீங்களா, ஏன் அந்தப் பேருன்னு?

கேட்டேன். எதிர் மேசைக்காரரின் அப்பா பள்ளியில் கைதாரின் கதையைப் படித்து மயங்கியவர். மகன் பிறந்தால் திமூர் என்று அப்போதே முடிவு செய்துவிட்டாராம். கிடங்குப் பொறுப்பாளர் 1996இல் பிறந்தவர், அந்த விழா ஆண்டில். அவர் வகுப்பில் மட்டும் நான்கு தெமூர்கள். ஆசிரியர் எண் போட்டுக் கூப்பிடுவாராம், இவர் மூன்றாம் தெமூர்.

வீட்டுக்காரம்மாவிடம் பேரனைப் பற்றிக் கேட்டபோது அவர் நோன் ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்தார். இரும்பு, அமீர், தொட்டில் கத்தி என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். "சின்னப் பேரு. மூணாவது மாடியிலிருந்து கத்திக் கூப்பிட வசதி" என்றார்.